பெண்கள் குறைந்தால் பெண்ணின் நிலை உயருமா? – தோட்டப்புறத்தை முன்வைத்து ஒரு விவாதம்

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, சுங்கை சிப்புட் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மலேசியத் தோட்டப்புறமான நம் ஊரில் பெரியவர்கள் கூடும் இடத்திலெல்லாம் அண்மைக் காலமாக ஒரே பேச்சு அடிபடுகிறது: பையன்களுக்குப் பெண் கிடைக்கவில்லை. பெண்பிள்ளைகள் படித்து முடித்து ஈப்போவுக்கும் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். லாரி ஓட்டுகிறவர்களும் பட்டறையில் வேலை செய்கிறவர்களும் ஊரோடு தங்கிவிடுகிறார்கள். இதைச் சொல்லி அங்கலாய்ப்பவர்கள், “இனிமேல் பெண்கள் வைத்ததுதான் சட்டம், அவர்களுக்குத்தான் காலம்” என்று முடிக்கிறார்கள். அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் இதை இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன்.

பெண் பற்றாக்குறை நம் சமூகத்துக்குப் புதிதன்று. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலாயா இந்தியர்களில் ஆயிரம் ஆண்களுக்கு 482 பெண்களே இருந்தார்கள். இரண்டு ஆண்களுக்கு ஒரு பெண்கூட இல்லை. குறைவாகக் கிடைப்பதற்கு மதிப்பு கூடும் என்பது உண்மையானால், நம் பாட்டிமார் அன்றைக்கு ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் தலை நிமிர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஆனால் 1920களின் இறுதியில் அரசாங்கம் வரையறுத்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. போக்குவரத்துக் கடினமான பகாங் பகுதிகளில் அது 58 காசும் 46 காசும். உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது இருவர் கூலியும் இறங்கியது, இடைவெளி மட்டும் மறையவில்லை. பெண்கள் அரிதாக இருந்த அதே காலத்தில், அதே தோட்டத்தில், பெண்ணின் உழைப்புக்கு ஐந்தில் நான்கு பங்குதான் விலை வைக்கப்பட்டது.

பெண்களை அழைத்து வந்த நோக்கத்தையும் பார்க்க வேண்டும். குடும்பம் இருந்தால் ஆண் தோட்டத்தை விட்டு ஓட மாட்டான் என்பது தோட்டத்து வெள்ளைக்கார மேலாளர்களான துரைமாரின் கணக்கு. தன் ஆள்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும், ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணிக்குத் தலைக்காசு உண்டு என்பதால், அவருக்கும் அந்தக் கணக்கு பொருந்தி வந்தது. ஆணைக் கட்டி வைக்கும் கயிறாகவே பெண் வரவழைக்கப்பட்டாள். கணவனை இழந்தவளுக்குத் துக்கம் ஆறுவதற்குள், அடுத்து யார் வீட்டுக்குப் போவது என்று மற்றவர்கள் பேசி முடிப்பார்கள் என மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவளைத் தேடி வந்தவர்கள் பலர் இருந்தும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுக்கு இருக்கவில்லை.

ஆகவே என் கேள்வி இது. எண்ணிக்கை குறைவதால் பெண்ணுக்கு ஏதேனும் நன்மை உண்டா, அல்லது அவளைச் சுற்றியுள்ளவர்களின் பிடி இறுகுவது மட்டும்தான் நடக்கிறதா?

கோலகங்சார் இளைஞன்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தங்கள் கருத்தை மதிக்கிறேன், ஆனால் ஒரு பக்கம் விடுபட்டிருப்பதாக எனக்குப் படுகிறது. கங்காணி காலத்துப் பெண்ணுக்குப் படிப்பில்லை, போக்கிடமும் இல்லை. இன்றைய பெண்ணுக்கு இரண்டும் இருக்கின்றன. நம் நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் படிக்கிறார்கள். அப்படிப்பட்ட பெண் அரிதாகும்போது அவள் கை ஓங்குவது இயல்புதானே? என் தலைமுறையில் மாப்பிள்ளை வீட்டார் நகை கேட்பது குறைந்திருக்கிறது, பெண் வீட்டார் கேள்வி கேட்பது கூடியிருக்கிறது. பையன் குடிப்பானா, கடன் இருக்கிறதா, தனி வீடு உண்டா என்று நேருக்கு நேர் கேட்கிறார்கள். என் தாயாரின் திருமணத்தில் இப்படிக் கேட்க யாருக்கும் துணிச்சல் இருந்திருக்காது.

சீனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு குழந்தைக் கொள்கை நடப்பில் இருந்த காலத்தில் ஆண் பிறப்பு மிகையாகி, பின்னர் மணப்பெண் தட்டுப்பாடு வந்தது. மணமகன் வீட்டார் பெண் வீட்டுக்குத் தரும் பணம் கிராமப்புறங்களில் குடும்பத்தின் பல ஆண்டு வருமானத்தை விழுங்கும் அளவுக்கு ஏறியிருக்கிறது. மகனுக்கு வீடு வாங்கி வைக்காமல் சம்பந்தம் பேச முடிவதில்லை. ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்த மகளைப் பெற்றோர் மகனைப் போலவே செலவு செய்து படிக்க வைத்தார்கள் என்பதும் உண்மை. இவற்றையெல்லாம் நன்மை இல்லை என்று எப்படித் தள்ளுவது?

நிரைக்காரி மகள்

தம்பி, நீங்கள் சொன்ன சீன எடுத்துக்காட்டிலேயே பதிலும் இருக்கிறது. அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது? பெண்ணின் பெற்றோருக்குப் போகிறது. பல வீடுகளில் அதையே வைத்து அவளுடைய அண்ணனுக்கோ தம்பிக்கோ பெண் பார்க்கிறார்கள். அவ்வளவு பணம் கொடுத்துக் கொண்டுவந்த மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனால், அவள் மனத்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். தட்டுப்பாடு முற்றிய இடங்களுக்கு வியட்நாமிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் ஏழைப் பெண்கள் கடத்திக் கொண்டுவரப்பட்டதையும் மறந்துவிட வேண்டாம்.

என் பாட்டி ரப்பர் மரம் சீவியவர், என் தாயும் மரம் சீவியவர். பெரட்டு, அதாவது வேலைக்குமுன் ஆள் கணக்கெடுப்பு, நடக்கும் விதத்தை என் தாயார் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். விடியுமுன் இருட்டில் வரிசையாக நிற்க வேண்டும். தோட்டத்துக் கணக்கரான கிராணி, செக்ரோல் என்னும் வருகைப் பதிவுப் புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். ஆணை அவன் பெயரால் கூப்பிடுவார். பெண்ணைப் பல நேரம் இன்னார் பெண்சாதி என்றே கூப்பிடுவார். மரம் சீவிப் பால் எடுத்து முடித்த பிறகு மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் பொறுக்குவதும், பால் வடியும் கிண்ணமான மங்கு துடைப்பதும், பிள்ளைக் காப்பகமான ஆயாக் கொட்டகையில் விட்ட பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்து அடுப்பு மூட்டுவதும் பெண்ணின் வேலை. சம்பள நாளில் பாட்டியின் கூலியைத் தாத்தா கையெழுத்துப் போட்டு வாங்கி, நேரே கள்ளுக்கடைக்குப் போன மாதங்களும் உண்டு. பாட்டி அந்த லயத்தில் இருந்த மிகச் சில இளம்பெண்களில் ஒருவர். அந்த அருமையால் அவருக்குக் கிடைத்தது காவல்தான். தண்ணீர்க் குழாய்க்குத் தனியாகப் போகக் கூடாது, வயதுக்கு வந்த பெண் பக்கத்து லயத்துக்குப் போகக் கூடாது, பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு போதும் என்றார்கள். தனியாள்களாக வந்த ஆண்கள் நிறைந்த லயத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் பயத்தின் விலையை முழுவதும் கட்டியது பெண்பிள்ளையின் படிப்பும் நடமாட்டமும்தான்.

பதினான்கு வயதில் பாட்டிக்குக் கல்யாணம். பெண்கள் குறைவாக இருந்தால், அடுத்தவர் கேட்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் வந்துவிடும். கல்யாண வயது கீழே இறங்கும். தம்பி சொல்லும் ஓங்கிய கை எந்தப் பெண்ணுக்கும் அந்த வயதில் முளைத்திருக்காது.

ஈப்போ வழக்கறிஞர்

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். சட்டப் பக்கத்தைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் பெண்கள் குறைவாக இருந்த காலத்தின் மனப்பாங்கு நம் சட்டப் புத்தகத்தில் மிக அண்மைக் காலம் வரை உயிரோடு இருந்தது.

குற்றவியல் சட்டத் தொகுப்பின் 498ஆவது பிரிவு, பிறன் மனைவி என்று தெரிந்தே ஒரு பெண்ணைத் தகாத உறவுக்காக அவள் கணவனிடமிருந்து ஆசை காட்டி அழைத்துப் போவதைக் குற்றமாக்கியது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தை ஒட்டி ஆங்கிலேயர் இங்கே கொண்டுவந்த பிரிவு அது. கணவன் முறையிடலாம், கணவனை இன்னொருத்தி அழைத்துப் போனால் மனைவி முறையிட வழியில்லை. அந்தப் பெண் தானாக விரும்பிப் போனாளா என்பது வழக்கின் மையமே அன்று, ஏனென்றால் இழப்பு கணவனுடையது என்று சட்டம் கருதியது. பெண்கள் அரிதாக இருந்த தோட்டச் சமூகத்தில் இப்படிப்பட்ட சட்டம் யார் கையில் ஆயுதமாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பரில்தான் கூட்டரசு நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசியலமைப்பின் 8ஆவது விதிக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. பாலினத்தின் பெயரால் பாகுபாடு கூடாது என்ற சொற்களே அந்த விதியில் 2001இல்தான் சேர்ந்தன.

முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமணம், மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் ஒருவனுக்கு ஒருத்தி என்பதும் திருமணப் பதிவும் கட்டாயமாயின. அதற்கு முன்பு கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் வாழ்ந்த எத்தனையோ பெண்கள் கணவன் இறந்தபின் சேமநிதிப் பணத்துக்காக அலைந்ததை என் மூத்த வழக்கறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். பெண்கள் எண்ணிக்கையில் கூடியதால் அந்தப் பாதுகாப்பு வந்துவிடவில்லை. கேட்டுப் போராடியவர்கள் இருந்ததால் வந்தது.

சேலத்து வேர்

என் தாய்வழி உறவினர்கள் இன்றும் சேலம் மாவட்டத்தில் இருக்கிறார்கள் என்பதால் இந்த விஷயம் எனக்கு மிக நெருக்கமானது. மலாயாவில் பெண்கள் குறைந்தது ஆண்கள் மட்டும் கப்பலேறியதால். சேலத்தில் குறைந்தது பெண் சிசுக்கள் கொல்லப்பட்டதாலும், பின்னர் கருவிலேயே அழிக்கப்பட்டதாலும். பெற்றோர் வேண்டாம் என்று விடும் பெண் சிசுக்களை அரசே ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் அந்த மாவட்டத்தில்தான் தொடங்கியது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் ஆயிரம் ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு முழுவதும் 942 பெண்பிள்ளைகள் இருக்க, சேலத்தில் 851 மட்டுமே இருந்தார்கள். பிறக்குமுன் பாலினம் கண்டறிவதைத் தடை செய்யும் சட்டம் 1994இலேயே வந்துவிட்டது என்பதை நினைவில் வைத்து இந்த எண்ணைப் படியுங்கள்.

எண்ணிக்கை குறைந்தபின் பெண்ணின் மதிப்பு ஏறியதா என்பதற்கு அரியானாவைப் பார்க்கலாம். 2011இல் அங்கே ஆயிரம் ஆண்பிள்ளைகளுக்கு 834 பெண்பிள்ளைகள். அங்கே மணப்பெண் கிடைக்காமல் அசாம், பீகார், மேற்கு வங்காளம், ஒடிசா ஆகிய மாநிலங்களின் ஏழை வீடுகளிலிருந்து தரகர் மூலம் பெண்களை விலைக்கு வாங்கி வருகிறார்கள். மொழி தெரியாத வீட்டில், சொத்துரிமையும் மரியாதையும் இல்லாமல், வயலுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் ஆளாக அவர்கள் உழைக்கிறார்கள். இதில் என்னை மிகவும் வருத்துவது, அதே ஊர்களில் உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது வரதட்சணை இன்னும் நிற்கவில்லை என்பதுதான். ஒரு பக்கம் பெண்ணை விலைக்கு வாங்குகிறார்கள், மறு பக்கம் பெண்ணோடு பணமும் கேட்கிறார்கள். சந்தைக் கணக்கு இரண்டையும் ஒரு சேர விளக்காது. பெண்ணின் வாழ்வைப் பற்றி முடிவெடுப்பவர்கள் வேறு ஆள்கள் என்பது மட்டுமே இரண்டையும் விளக்கும்.

எதிர்த் திசையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். தென் கொரியாவில் 1990ஆம் ஆண்டு நூறு பெண் பிறப்புக்கு 116க்கும் மேற்பட்ட ஆண் பிறப்பு இருந்தது. இயற்கையாக இருக்க வேண்டியது 105 அளவில்தான். அடுத்த ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அங்கே அது இயல்பு நிலைக்குத் திரும்பிவிட்டது. பெண்கள் அருகியதால் தானாக மதிப்பு ஏறி அப்படி நடக்கவில்லை. பெண்கள் படித்தார்கள், நகர வேலைகளுக்குப் போனார்கள், முதுமையில் மகன்தான் சோறு போட வேண்டும் என்ற நிலை தளர்ந்தது, ஆணே குடும்பத் தலைவன் என்று பதிந்த பழைய முறையை 2005இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்றது. பெண்ணின் நிலை முதலில் மாறியது, எண்ணிக்கை அதன் பின்னே சரியானது. நாம் இங்கே அந்த வரிசையைத் தலைகீழாக வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது.

இரவு ஷிப்டுப் பெண்

நான் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், வயது இருபத்தாறு. எனக்கு இப்போது வாரம் ஒரு வரன் வருகிறது என்பது உண்மைதான். ஆனால் வரன் வரத் தொடங்கிய நாளிலிருந்து என் கைப்பேசியை அண்ணன் பார்க்கிறார், இரவு ஷிப்டை விடச் சொல்கிறார், பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக்குத் தோழியோடு போவதற்குக்கூட மாமா வரைக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கோலகங்சார் அண்ணன் சொல்கிற கேள்விகளை மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்பவர் என் அப்பா. என்னிடம் இதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

செம்பனைத் தோட்ட மண்டோர்

வணக்கம். நான் மண்டோராக, அதாவது மேற்பார்வையாளராகப் பணியாற்றும் தோட்டத்தைப் பற்றிச் சொன்னால் இந்த விவாதத்துக்கு உதவும் என்று நினைக்கிறேன். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மலேசியாவில் நூறு பெண்களுக்கு 110 ஆண்கள் என்று வந்தது. நம் பிள்ளைகள் பிறப்பில் பெண் குறைந்ததால் அப்படி வந்துவிடவில்லை. வேலைக்காகக் கொண்டுவரப்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்களில் ஆண்களே மிக அதிகம் என்பதே முதன்மைக் காரணம். எங்கள் தோட்டத்தில் எண்ணெய்ப்பனைக் குலை அறுப்பவர்கள் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும். வேலை பெர்மிட்டில் வந்தவர்கள் குடும்பத்தை அழைத்து வரவும் முடியாது, இங்கே திருமணம் செய்துகொள்ளவும் முடியாது. பழைய லயங்களில் இப்போது ஆண்கள் மட்டுமே இருக்கிறார்கள்.

ஊரில் இன்னும் தங்கியிருக்கும் நம் குடும்பங்கள் அந்தப் பக்கம் பெண்பிள்ளைகளை அனுப்புவதில்லை. அச்சம் நியாயமானது என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் அந்த மனிதர்கள் மீது மட்டும் பழி போடுவது எனக்கு உடன்பாடில்லை. மனைவி மக்களைப் பிரித்து ஆண்களை மட்டும் ஓரிடத்தில் அடைத்து வைக்கும் ஏற்பாட்டை நம் தாத்தாக்கள் காலத்துத் துரைமாரும் செய்தார்கள், இன்றைய பெர்மிட் விதியும் செய்கிறது. ஆசிரியை அம்மா எழுதிய 482 என்ற எண் இயற்கையாக வந்ததன்று, அது ஒரு கொள்கையின் விளைவு. இன்றைய 110உம் அப்படித்தான். கூலி குறைவாகக் கிடைக்க வேண்டும், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஆயாக் கொட்டகை என்று செலவு வரக் கூடாது என்பதற்காகவே பெண்களும் பிள்ளைகளும் இல்லாத தொழிலாளர் கூட்டம் விரும்பப்படுகிறது. அந்தச் செலவெல்லாம் ஜாவாவிலோ சிட்டகாங்கிலோ தனியாகக் குடும்பம் நடத்தும் மனைவியின் தலையில் விழுகிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, சுங்கை சிப்புட்

மண்டோர் ஐயா சொன்னது என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. அதையொட்டி இன்னொன்றைச் சேர்க்கிறேன்: ஆண்கள் குறைந்து பெண்கள் மிகுந்த காலங்களும் நம் தோட்டங்களில் இருந்திருக்கின்றன.

இரண்டாம் உலகப் போரின்போது சயாம் மரண ரயில் பாதைக்கு ஜப்பானியர் பல்லாயிரம் தோட்டத் தமிழர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், ஏராளமானோர் திரும்பவில்லை. பல லயங்களில் பெண்களும் முதியவர்களும் பிள்ளைகளுமே மிஞ்சினார்கள். மரவள்ளி நட்டுக் குடும்பத்தைக் காத்தவர்கள் அந்தப் பெண்கள். அதே ஆண்டுகளில், 1943இல் அமைந்த, நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் சேர்ந்து துப்பாக்கி ஏந்திப் பயிற்சி பெற்றார்கள். மறுமுறை பெரட்டில் நின்றபோது அவர்களில் சிலராவது முன்பு போல் தலை குனிந்து நின்றிருக்க மாட்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் போர் முடிந்ததும் கூலி முறையும் வீட்டு முறையும் பழைய தடத்துக்கே திரும்பப் பார்த்தன.

பின்னர் ஆண்கள் தொழிற்சாலைகளுக்கும் சிங்கப்பூருக்கும் போகத் தொடங்கிய பிறகு, தோட்டத்து வெளிக்காட்டு வேலையில் பெண்கள் மிகுந்தார்கள். அப்போது அவர்களுக்குக் கிடைத்தது மருந்தடிக்கும் வேலை. முதுகில் மருந்துக் கலத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு துணியை மட்டும் சுற்றி, பாராகுவாட் என்னும் களைக்கொல்லி அடித்த என் முன்னாள் மாணவிகளின் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். நகம் கறுத்து உதிர்ந்திருக்கும், மூக்கில் இரத்தம் வரும், மறுநாள் மீண்டும் கலத்தைத் தூக்குவார்கள். அந்த மருந்துக்கு இந்த நாட்டில் 2020இல்தான் முழுத் தடை வந்தது. பெண் குறைந்திருந்தபோது அவளைக் காவலுக்குள் வைத்தார்கள். பெண் மிகுந்தபோது ஆண் விட்டுப் போன மலிவான, ஆபத்தான வேலையைக் கொடுத்தார்கள். இரண்டு நிலையிலும் கூலியும் வீடும் அவள் பெயரில் இல்லை.

கோலகங்சார் இளைஞன்

இரவு ஷிப்டுத் தங்கை எழுதியதற்கு என்னிடம் மறுப்பில்லை. பேரம் கூடியிருக்கிறது என்ற என் கருத்தில் இன்னும் நிற்கிறேன், ஆனால் அந்தப் பேரத்தில் பேசுபவர் அப்பாவாகவே இருந்தால் பெண்ணுக்கு அதனால் என்ன வந்தது என்ற கேள்விக்கு நான் பதில் தேட வேண்டும். ஆசிரியை கடைசியாக எழுதிய கூலி, வீடு என்ற இரண்டில், நம் ஊரில் இப்போது உடனே செய்யக்கூடியது எது?

ஈப்போ வழக்கறிஞர்

வீடு. தோட்டம் துண்டாடப்பட்டு மேம்பாட்டுக்கு விற்கப்படும் இடங்களில் முன்னாள் தொழிலாளர்களுக்கு மலிவு விலை வீடு ஒதுக்கும்போது, விண்ணப்பத்தில் கணவன் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். முப்பது ஆண்டு மரம் சீவிய மனைவிக்கு அந்த வீட்டில் எழுத்துமூலமான பங்கு எதுவும் இருப்பதில்லை. பின்னால் மணவிலக்கோ மரணமோ நேர்ந்தால் அவள்தான் நீதிமன்றத்தில் தன் உழைப்பை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. நிலப் பட்டாவில் இருவர் பெயரையும் சேர்த்துப் பதிய முடியும். ஒதுக்கீட்டுக் கடிதம் வந்திருந்து இன்னும் கையெழுத்திடாத குடும்பங்கள் உங்கள் வட்டாரத்தில் இருந்தால், ஆசிரியை அம்மா வழியாக எனக்குத் தெரிவியுங்கள். கட்டணம் வேண்டாம், படிவங்களைப் பார்த்துத் தருகிறேன்.

நிரைக்காரி மகள்

எங்கள் பழைய தோட்டத்தில் அப்படி இன்னும் கையெழுத்திடாத குடும்பங்கள் சில இருக்கின்றன, ஐயா. பெண்கள் கடிதங்களைத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், கணவன்மார் வந்து பார்க்கட்டும் என்கிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பேசி, கடிதங்களின் நகலை ஆசிரியையிடம் கொண்டுவந்து சேர்க்கிறேன். இரவு ஷிப்டுத் தங்கை விடுமுறையாக இருந்தால் கூட வரலாம்; மாமாவிடம் நானே கேட்கிறேன்.